முதுகில் முத்திரை இருந்தால் அது மிங் காலத்துப் பீங்கானா?

பினாங்கிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாத்தா ஒரு சீனத் தவுக்கே (முதலாளி) வீட்டில் முப்பது வருஷம் கார் ஓட்டியவர். அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது வீட்டம்மா கொடுத்துவிட்டுப் போன வெள்ளைச் சிலை இப்போது உங்களிடம் இருக்கிறது. 28 சென்டிமீட்டர் உயரம், உட்கார்ந்திருக்கும் பெண், மடியில் குழந்தை, முதுகில் சதுர முத்திரை, இடது கையில் இரண்டு விரல் இல்லை. கடைக்காரர் ஒருவர் முத்திரையைப் படித்துவிட்டு "ஹெ சாவ்சோங் என்ற கைவினைஞர் செய்தது, மிங் அரச வம்ச காலம், நானூறு வருஷப் பழசு" என்கிறார். இன்னொருவர் யானைத் தந்தம் என்கிறார். உங்கள் அத்தையோ மாதா சிலை என்று தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறார். எது உண்மை, கழுவலாமா, விரலை ஒட்டலாமா, விற்றால் என்ன கிடைக்கும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அந்த முத்திரையை நம்பலாமா? வேண்டாம். சிலையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஏன் என்பதுதான் இந்தப் பதில்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் சரித்திரப் பேராசிரியன் இல்லை. சிங்கப்பூரில் பீங்கான், மண்பாண்டம் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவன். சீன எழுத்து எனக்கு முத்திரை படிக்கிற அளவுக்குத்தான் வரும். ஆனால் உடைந்த பீங்கானை நிறையக் கையாண்டிருக்கிறேன். முழுசாக இருக்கும் சிலை எதை வேண்டுமானாலும் மறைக்கும். உடைந்தது தன் உள்பக்கத்தைக் காட்டிவிடும். நீங்கள் போட்டிருக்கும் மூன்று படங்களில் எனக்கு அதிகம் உபயோகமானது மூன்றாவது, அடிப்பக்கத்தைக் காட்டுவதுதான். அதுவும் மங்கல். படத்தைப் பார்த்து வயது சொல்கிறவர் யாராக இருந்தாலும், நான் உட்பட, ஊகம்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தந்தம் என்பதை முதலில் முடித்துவிடுவோம். இல்லை. தந்தத்தில் வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வலை போன்ற ரேகை ஓடும். உங்கள் சிலையின் அடியில் பெரிய குழிவு, அதில் களிமண்ணை விரலால் அழுத்திய தடம் தெரிகிறது. தந்தத்தில் விரல் தடம் எப்படி வரும்? ஆனால் அவர் குழம்பியதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வெள்ளைக்கே 'தந்த வெள்ளை' என்று பெயர். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் தந்தம் செதுக்குகிறவர்களும் பீங்கான் உருவம் செய்கிறவர்களும் ஒரே காலத்தில் ஒரே மாதிரி உருவங்களைச் செய்துகொண்டிருந்தார்கள். மடிப்பு மடிப்பாக விழும் சேலைத்தலைப்பு போன்ற அந்த ஆடை இரண்டிலும் அப்படியே இருக்கும்.

உங்கள் சிலை தெஹுவா பீங்கான். இதில் எனக்குச் சந்தேகமில்லை. தெஹுவா ஃபூஜியானில் மலைக்குள் இருக்கும் ஊர். அதன் சரக்கு கப்பலேறிய துறைமுகம் சுவான்ஜோ. நம் ஆட்களுக்கு அந்தத் துறைமுகம் அன்னியமில்லை: 1281இல் அங்கே சம்பந்தப்பெருமாள் என்ற தமிழர் சிவன் கோயில் ஒன்றில் சாமியைப் பிரதிஷ்டை செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சரி, பீங்கானுக்கு வருகிறேன். தெஹுவா மண்ணில் இரும்பு மிகக் குறைவு, அரை சதவீதத்துக்கும் கீழே. பொட்டாசியம் அதிகம். இரும்புதான் பீங்கானுக்குப் பழுப்பும் நீலப் பச்சையும் கொடுப்பது. அது இல்லாததால் வெள்ளை சுத்தமாக வருகிறது. பொட்டாசியம் அதிகமாக இருப்பதால் சூளையில் மண் கண்ணாடி மாதிரி இறுகி, வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அதன்மேல் இருக்கும் கண்ணாடிப் பூச்சு, நாங்கள் கிளேஸ் என்போம், உடம்போடு ஒட்டிப்போய் எங்கே பூச்சு முடிகிறது எங்கே மண் தொடங்குகிறது என்று தெரியாது. கெட்டித் தயிரின் மேல் ஏடு படிந்த மாதிரி இருக்கும். பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெஜென் ஊர் வெள்ளை பக்கத்தில் வைத்தால் லேசாக நீலம் பாய்ந்து தெரியும். அங்கே சூளையில் காற்றைக் குறைத்துச் சுடுவார்கள். மிங் காலத்துத் தெஹுவாவில் காற்றை நன்றாக விட்டுச் சுட்டார்கள். வெண்ணெய் நிறம் வந்த காரணம் அதுதான்.

அடுத்தது, உங்கள் அத்தை. அது மாதா இல்லை, குவான்யின். பினாங்கில் ஃபூஜியான் வழிவந்த ஹொக்கியன்காரர்கள் குவான் இம் என்பார்கள். புத்த மதத்தில் அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவர்தான் இவர். இந்தியாவில் ஆண் உருவம். சீனாவுக்குப் போய்ச் சில நூற்றாண்டுகளில் பெண்ணாக மாறினார். குழந்தை வேண்டி வணங்குகிறவர்களுக்கு மகனோ மகளோ கொடுப்பார் என்று தாமரை சூத்திரம் என்ற புத்த நூலில் வருகிறது. மடியில் குழந்தையோடு இருக்கும் வடிவம் அதிலிருந்து வந்தது. இவர் வாசம் செய்வதாகச் சொல்லும் பொதலகம் என்ற மலை நம் பொதிகைதான் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. அது ஒருபக்கம் இருக்க, அகத்தியர் தமிழைக் கற்றதே அவலோகிதனிடம்தான் என்று பதினோராம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியம் சொல்கிறது. பொதிகை விஷயம் வாதத்துக்கு உட்பட்டது. வீரசோழியத்தில் அந்த வரி இருப்பது நிச்சயம்.

ஆனாலும் அத்தையைத் திருத்தப் போகாதீர்கள். அவருக்கு முன்னூறு வருஷத்துக்கு முன்பே ஐரோப்பியர்கள் இதே தவறைச் செய்தார்கள், பாதி தெரிந்தே செய்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் சீனாவிலிருந்து கொண்டுபோன சரக்கில் இந்தச் சிலைகளைக் கணக்கெழுதியவர்கள் 'சாங்க்டா மரியா' என்றே எழுதியிருக்கிறார்கள். ஜப்பானில் கதை இன்னும் உருக்கமானது. அங்கே 1614இல் கிறிஸ்தவ மதத்தைத் தடை செய்த பிறகு, மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் சீனாவிலிருந்து வந்த வெள்ளைக் குவான்யினை வீட்டில் வைத்து மரியாளாக வணங்கினார்கள். பார்க்கிறவனுக்குப் புத்தச் சிலை, கும்பிடுகிறவருக்கு மாதா. நாகசாகி அதிகாரிகள் அப்படிப் பறிமுதல் செய்த சிலைகள் இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் சில உங்கள் சிலைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

இப்போது முத்திரைக்கு வருவோம். ஹெ சாவ்சோங் நிஜ ஆள்தான். மிங் காலத்தின் பின்பாதியில் வாழ்ந்தவர். சுவான்ஜோ வட்டாரத்தின் பழைய ஊர் வரலாற்று ஏட்டில் அவர் பெயர் வருகிறது. பீங்கான் உருவம் செய்வதில் கெட்டிக்காரர், அவர் செய்ததை எல்லோரும் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு வரி. அவர் பூர்வீகம் தெஹுவா என்பதைக்கூட 'சிலர் சொல்கிறார்கள்' என்றுதான் அந்த ஏடு எழுதுகிறது. பிறந்த வருஷம், இறந்த வருஷம் என்று புத்தகங்களில் நீங்கள் பார்க்கும் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அவர் கைவேலை என்று பரவலாக ஒத்துக்கொள்ளும் சிலைகள் கொஞ்சம்தான். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது: அலைமேல் நிற்கும் போதிதர்மர், 43 சென்டிமீட்டர் உயரம். ஆடைக்குள் கையைக் கட்டிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, காற்று ஆடையை ஒரு பக்கம் இழுக்க நிற்கிறார். அதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தால் கடையில் இருக்கும் நூறு 'ஹெ சாவ்சோங்'களில் தொண்ணூற்றொன்பது அவர் செய்ததில்லை என்று தானாகவே தெரிந்துவிடும்.

போதிதர்மர் என்றதும் காஞ்சிபுரம் என்று எழுதக் கை துறுதுறுக்கும் என்பதால் ஒரு இடைச்செருகல். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547ஆம் வருஷத்தை ஒட்டியது. அது அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. அதற்கடுத்த குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி, பல்லவர் என்று குறிப்பாகச் சொல்வதெல்லாம் பின்னால் வந்தது. நமக்கு ஆசையாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

பெயர் உண்மையென்றால் முத்திரை ஏன் பொய்? பொய் என்றும் சொல்லிவிட முடியாது. தெஹுவாவில் அந்தப் பெயர் கிட்டத்தட்ட ஒரு தரச் சின்னம் மாதிரி ஆகிவிட்டது. அவர் காலத்துக்குப் பிறகு முன்னூறு வருஷமாகப் பட்டறைகள் அந்த முத்திரையைக் குத்திக்கொண்டே இருந்தன. குருவுக்கு மரியாதை என்று குத்தியவர்கள் உண்டு, விலை ஏறும் என்று குத்தியவர்கள் உண்டு, 'எப்போதும் இங்கே இதுதானே குத்துவோம்' என்று குத்தியவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். இன்றைக்கும் குத்துகிறார்கள். ஆகவே முத்திரை இருப்பதிலிருந்து வயது தெரியாது, இல்லாததிலிருந்தும் தெரியாது. நல்ல பழைய சிலைகளில் பல முத்திரையே இல்லாதவை. முத்திரையிலிருந்து தேற்ற முடிவது கொஞ்சம்தான்: ஈர மண்ணில் குத்தி அதன்மேல் கிளேஸ் ஓடியிருக்கிறதா, அல்லது சுட்ட பிறகு தேய்த்துக் குடைந்ததா என்று லென்ஸில் பார்க்கலாம். உங்கள் படத்தில் முத்திரையின் பள்ளத்தில் கிளேஸ் தேங்கி நிற்பது தெரிகிறது. ஆகவே செய்தபோதே குத்தியது. எப்போது செய்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அப்படியென்றால் வயதை எதை வைத்துத்தான் சொல்கிறார்கள்? கைக்கு அகப்படும் உறுதியான ஆணிகள், அதாவது நாள் தெரிந்த ஆதாரங்கள், சில உண்டு. பெரிய ஆணி ஜெர்மனியில் டிரெஸ்டனில் இருக்கிறது. சாக்ஸனியை ஆண்ட அகஸ்டஸுக்குப் பீங்கான் பைத்தியம். அவர் சேர்த்ததைக் கணக்கெடுத்து 1721இல் பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெஹுவா உருப்படிகள் அவர் சேர்ப்பில் இருந்தன. உருப்படிகள் மேலேயே பட்டியல் எண்களைத் தேய்த்துப் பொறித்துவிட்டார்கள். ஆகவே அந்தப் பழைய எண் இருக்கும் குவான்யின் எப்படியும் அதற்கு முந்தியது. இன்னொரு ஆணி கடலில் மூழ்கிய கப்பல்கள். வியட்நாமின் வுங் தாவ் கடற்கரைக்கு அப்பால் சுமார் 1690இல் மூழ்கிய கப்பலில் தெஹுவா வெள்ளைச் சரக்கு இருந்தது. இப்படி நாள் தெரிந்த உருப்படிகளோடு ஒப்பிட்டுத்தான் மற்றதற்கு வயது சொல்கிறோம். மடிப்பு எப்படி விழுகிறது, முகம் நீளமா வட்டமா, நிறம் வெண்ணெயா பாலா நீலம் கலந்ததா என்று. பொதுவாக மிங் பின்பாதியில் வெண்ணெய் நிறம், அடுத்து வந்த சிங் வம்ச காலம் போகப் போக வெள்ளை குளிர்ந்து லேசாக நீலம் ஏறுகிறது என்பார்கள். இது பொது விதி. ஒரே சூளையில் வாய்ப்பக்கம் வைத்ததும் பின்பக்கம் வைத்ததும் ஒரே நிறத்தில் வராது என்பதையும் மறக்கக் கூடாது.

இனி உங்கள் சிலையைக் கவிழ்ப்போம். முதலில் மேசையில் கனமான துண்டை நாலாக மடித்துப் போடுங்கள். சிலையைத் தலையிலோ கையிலோ பிடிக்காதீர்கள்; ஒரு கை முதுகில், ஒரு கை அடியில். மெதுவாகப் படுக்க வையுங்கள். அப்புறம் செல்போன் டார்ச்சை எடுத்துக் குழிவுக்குள் பாருங்கள். பழைய முறையில், முன்பக்கம் ஒரு அச்சு, பின்பக்கம் ஒரு அச்சு என்று இரண்டு அச்சுகளில் மண்ணை விரலால் அழுத்தி, இரண்டையும் சேர்த்து ஒட்டுவார்கள். தலை, கை, குழந்தை எல்லாம் தனியாகச் செய்து குழைத்த மண்ணால் ஒட்டுவார்கள். ஆகவே உள்சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும்; கட்டை விரல் அழுந்திய குழிகள் தெரியும்; பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒட்டிய தழும்பு ஓடும். சுவரின் கனம் இடத்துக்கு இடம் மாறும். இருபதாம் நூற்றாண்டில் வந்தது வேறு முறை: பிளாஸ்டர் அச்சுக்குள் கஞ்சி மாதிரி கரைத்த மண்ணை ஊற்றி, சுவர் பிடித்ததும் மீதியைக் கவிழ்த்துவிடுவது. அப்படிச் செய்த சிலையின் உள்பக்கம் வழவழ என்று இருக்கும், கனம் எங்கும் ஒன்று போல இருக்கும், வெளியே மூட்டு புடைத்தால் உள்ளே அதே இடம் குழியும். எடையும் குறைவு.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் விரல் தடம் இருந்தால் பழசு என்று சொல்ல முடியாது. விரல் இன்றைக்கும் எல்லோருக்கும் பத்து இருக்கிறது. அடிப்பக்கம் 'புதுசு' என்று உறுதியாகச் சொல்லும், 'பழசு' என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பட்டறைக்கு வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது, தலைக்கனமும் ஏறியிருந்தது. ஒரு வாடிக்கையாளர் வாங்கலாமா என்று கேட்டு ஒரு போதிதர்மரைக் கொண்டுவந்தார். உள்ளே அழகான விரல் தடங்கள். அடியில் தேய்ந்த விளிம்பு, அதில் பழுப்பேறிய அழுக்கு. வெண்ணெய் நிறம். "பதினேழாம் நூற்றாண்டாக இருக்கலாம்" என்றேன். அவர் வாங்கிவிட்டார். ஒன்றரை வருஷம் கழித்து வேறு வேலையாகச் சீனா போனபோது, தெருவோரக் கடை ஒன்றின் அலமாரியில் அதே போதிதர்மர் மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். அச்சு ஒன்றாக இருப்பதில் ஆச்சரியமில்லை, பழைய பட்டறைகளும் ஒரே அச்சை வருஷக்கணக்கில் உபயோகித்தன. ஆனால் இடது கை மடிப்புக்குக் கீழே, அச்சில் ஏதோ சில்லு பெயர்ந்ததால் வந்த கடுகளவு பரு ஒன்று இருந்தது. என் வாடிக்கையாளரின் சிலையில் அதே இடத்தில் அதே பரு. கடைக்காரர் ஒன்றை எடுத்துக் குழாயடியில் காட்டினார். நூறு வருஷத்து அழுக்கு பழுப்புத் தண்ணீராக ஓடி வாளியில் விழுந்தது. அவர் ஏமாற்றவில்லை, புதுசு என்றே சொல்லித்தான் விற்றார். நடுவில் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், நானும் கூட நின்றிருக்கிறேன். திரும்பி வந்து வாடிக்கையாளரிடம் சொன்னேன். "பரவாயில்லை அண்ணே, ஆனா இனிமே 'இருக்கலாம்'னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

ஆகவே அடியில் பார்க்கும்போது இன்னும் சிலவற்றையும் சேர்த்துப் பாருங்கள். விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். சிலையை எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்கு யாரும் இழுப்பதில்லை. முன்பக்கமாக இழுத்துத் துடைத்துவிட்டுத் தள்ளுவார்கள். நிஜத் தேய்மானம் கோணலாக இருக்கும். உப்புத்தாளில் தேய்த்தது சீராக, ஒரே திசைக் கீறலாக இருக்கும். அடிவிளிம்பில் விரிசல் இருந்தால் பயப்படாதீர்கள். சூளையிலேயே வந்த விரிசல் பழைய சிலைகளில் சகஜம். அதன் ஓரம் மழுங்கி, கிளேஸ் எட்டிய இடத்தில் உள்ளே வழிந்திருக்கும். பிறகு அடிபட்டு வந்த விரிசல் கத்தி வெட்டு மாதிரி கூர்மையாக, மெல்லிய கறுப்புக் கோடாக ஓடும். ஆங்கில எழுத்தில் 'சைனா' என்று அச்சிட்டிருந்தால் அது 1891க்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்தது. உங்களுடையதில் அது இல்லை. அதனால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. அமெரிக்காவுக்குப் போகாத சரக்குக்கு அந்தச் சட்டம் எதற்கு?

விரல் இல்லாதது குறை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நூறு வருஷத்துக்கு மேல் கைமாறிய குவான்யினில் பத்து விரலும் சொந்த விரலாக இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். தீக்குச்சி கனத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் அது. கடையில் எல்லா விரலோடும் நிற்கும் 'மிங்' சிலையைப் பார்த்தால் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். இருட்டறையில் ரெசினும் வண்ணமும் பூசிய இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். அது இல்லாவிட்டால் விரல் நுனியையோ உதட்டையோ வைத்துப் பார்க்கலாம். பீங்கான் சில்லென்று இருக்கும், பழுது பார்த்த இடம் அவ்வளவு குளிராது. உங்கள் சிலையின் உடைந்த முகம் வெளியே தெரிவது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். அங்கே லென்ஸை வைத்தால் மண்ணின் நிஜ நிறமும் நயமும் தெரியும்: சர்க்கரைக் கட்டி உடைந்த மாதிரி மினுமினுப்பு.

ஆய்வுக்கூடத்தில் வயது பார்க்கலாமே என்று கேட்பீர்கள். வெப்ப ஒளிர்வுச் சோதனை என்று ஒன்று உண்டு. பொருள் கடைசியாகச் சூளையில் சூடான பிறகு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறது என்று அளப்பது. சுடுமண்ணுக்கு அது நன்றாக வேலை செய்யும். பீங்கானுக்குத் துளை போட்டு ஒரு துண்டை எடுக்க வேண்டும். செயற்கையாகக் கதிர்வீச்சுக் கொடுத்து அந்தச் சோதனையையும் ஏமாற்ற முடியும். 28 சென்டிமீட்டர் குடும்பச் சிலைக்கு அடியில் துளை போட நான் சம்மதிக்க மாட்டேன்.

சரி, என் ஊகத்தைக் கேட்டால் சொல்கிறேன். ஊகம் என்ற வார்த்தையைக் கீழே கோடு போட்டுப் படியுங்கள். உள்ளே விரல் தடமும் ஒட்டுத் தழும்பும் இருக்கிறது, ஆகவே ஊற்றிச் செய்ததில்லை. முகம் வட்டமாக, மடிப்புகள் கொஞ்சம் இறுக்கமாக, ஒரே இடைவெளியில் வருகின்றன. மிங் பின்பாதிச் சிலைகளில் அந்த மடிப்பு இன்னும் தாராளமாக, ஈரத்துணி விழுகிற மாதிரி விழும். பினாங்குச் சீனர்களில் பலர் ஃபூஜியானிலிருந்து வந்தவர்கள். பூஜை மாடத்துக்கு ஊரிலிருந்து குவான்யின் கொண்டுவருவது அவர்கள் வழக்கம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து 1930கள் வரை எங்கேயோ விழும் என்று நினைக்கிறேன். ஹெ சாவ்சோங் கை பட்டதில்லை. அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். தெஹுவாவில் அந்தத் தலைமுறை சாதாரணமானதில்லை; சூ ஷுவேஜின் என்ற கைவினைஞர் செய்த பீங்கான் பிளம் பூக்கிளை, 1915இல் சான் பிரான்சிஸ்கோ பனாமா கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்தக் காலத்து நல்ல வேலைக்கென்றே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே சிலையை 'மிங்' என்று பொய்யாக விற்பதைவிட 'சிங் முடிவு, பினாங்குக் குடும்பத்திலிருந்து வந்தது' என்று உண்மையாக விற்பது நிம்மதி. தாத்தா அந்த வீட்டு வாசலில் காரோடு நிற்கும் பழைய படம் ஏதாவது இருந்தால் சிலையோடு சேர்த்து வையுங்கள். அந்தப் படத்துக்கு முத்திரையைவிட மதிப்பு அதிகம்.

கழுவுவது பற்றி. வெந்நீர், பிளீச்சிங், பல் தேய்க்கும் பேஸ்ட், வினிகர் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் மிருதுவான பிரஷை நனைத்துப் பிழிந்து, கிளேஸ் உள்ள இடத்தை மட்டும் துடைக்கலாம். பழைய ஒட்டு எங்காவது இருந்தால் அங்கே தண்ணீரே படக்கூடாது. கிளேஸ் இல்லாத அடிப்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். பார்க்கத் தெரிந்தவர் முதலில் பார்க்கப் போவது அங்கேதான். முகத்தின் மேல் இருக்கும் ஊதுபத்திப் புகைக்கறை உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் எடுக்கலாம், நானாக இருந்தால் கொஞ்சம் விட்டுவைப்பேன். விரலை ஒட்ட உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். உடைந்த துண்டு கையில் இருந்தால் நாங்கள் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து ஒட்டுவோம். நாளைக்கு வேண்டாமென்றால் அதே அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம். துண்டு இல்லை என்கிறீர்கள். அப்படியானால் விட்டுவிடுங்கள். புது விரல் வைக்கிறேன் என்று சொல்லும் கடைக்காரர், ஒட்டை மறைக்கச் சுற்றிலும் நல்ல கிளேஸின் மேலும் வண்ணம் அடிப்பார். அப்புறம் இரண்டு விரலுக்குப் பதில் முழங்கை வரை பொய்யாகிவிடும்.

விற்பதென்று முடிவு செய்தால், வாங்க வருகிறவரிடமே விலை கேட்காதீர்கள். பொது ஏலம் நடத்தும் இரண்டு இடங்களுக்குப் படம் அனுப்பி, காலமும் மதிப்பும் எழுத்தில் கேளுங்கள். சிங்கப்பூர் பக்கம் வந்தால் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே இருக்கும் தெஹுவா வெள்ளைச் சிலைகளை அரை நாள் பாருங்கள். என்னோடு பத்துப் பதில் பரிமாறுவதைவிட அது உபயோகம்.

அதுவரை எனக்கு ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை அடியிலிருந்து குழிவுக்குள் வைத்து, சிலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தி எடுக்க வேண்டும். வெளிச்சம் எந்த இடத்தில் ஊடுருவுகிறது, ரோஜா கலந்த மஞ்சளாகத் தெரிகிறதா, பச்சையோ சாம்பலோ கலந்த வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்தால் மேலே சொன்ன ஊகத்தைக் கொஞ்சம் இறுக்கலாம், அல்லது மாற்றிக்கொள்ளலாம். அத்தை மெழுகுவத்தி ஏற்றட்டும், ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.